ஆற்றின் நாற்காலி

ஜூன் 6

தம்பிக்கு அக்கா எழுதறது.

நீ அனுப்புன நோட்டீசு வந்து சேந்துச்சு. கவர் மேல ஆத்தோட பேரு, அதுக்குக் கீழ ‘பாதுகாவலர் மூலம்’னு போட்டு என் வீட்டு விலாசம். தபால்காரர் படிச்சுப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டாரு. “இது ஆத்துக்கு வந்த தபாலும்மா, உங்க கைல எப்படிக் குடுக்கறது”ன்னாரு. ஆத்துக்குக் கையெழுத்துப் போட வராது, என்கிட்டயே குடுங்கன்னேன். அப்பவும் மனசு வராம கரை வரைக்கும் போய்த் தண்ணியை ஒரு பார்வை பாத்துட்டு வந்துதான் குடுத்தாரு. நல்ல மனுஷன். அவர் சைக்கிள்ல மணி கிடையாது. தெரு முனைல திரும்பும்போதே என் வாத்துங்க கத்த ஆரம்பிச்சிடுது, அப்புறம் மணி எதுக்குங்கறாரு.

எதையோ சொல்ல வந்து எங்கயோ போயிட்டேன். போன் அடிச்சா நீ எடுக்கறதில்ல. உன் வீட்டுக்காரி எடுத்து, “அவர் வெளிய போயிருக்காரு அண்ணி”ங்கறா. பின்னாடி நீ இருமற சத்தம் கேக்குது. அதான் எழுதறேன். நான் எழுத்துக் கத்துக்கிட்டது பஸ் போர்டைப் பாத்து. அதனால என் எழுத்தெல்லாம் எங்கயோ அவசரமாப் போற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

நோட்டீசை வக்கீலம்மா கிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவங்களை உனக்குத் தெரியாது. சாயப்பட்டறைக்காரன் கழிவைத் திறந்துவிட்டு என் வாத்துங்க செத்துச்சே, நான் செத்த வாத்தைக் கூடைல போட்டு ஆபீஸ் ஆபீஸாப் போய் மேசை மேல வச்சேனே, அப்ப ஒரு ஆபீஸ் வாசல்ல என்னைப் பாத்து, “அந்தக் கூடையை என்கிட்டக் குடுங்க”ன்னு கேட்டு வாங்கிட்டுப் போனவங்க. வாத்துக்காக ஆரம்பிச்ச கேஸ்தான் இது. கீழ் கோர்ட்டு, மேல் கோர்ட்டுன்னு ஏறும்போது வாத்து பாதி வழில இறங்கிடுச்சு, ஆறு மட்டும் மேல போயிடுச்சு. கடைசில பெரிய கோர்ட்டு என்ன சொல்லுச்சுன்னா, அரசியல் சாசனம் மனுஷனுக்கு உயிர் வாழ உரிமை குடுத்திருக்கு, ஆறு செத்துப் போச்சுன்னா அந்த உரிமையை வச்சுக்கிட்டு மனுஷன் என்ன பண்ணுவான், அதனால இனிமே ஆறும் சட்டத்துக்கு முன்னாடி ஒரு ஆள். அது ஓடலாம், சுத்தமா இருக்கலாம், வளையலாம், இடம் மாறலாம். யாரும் கேக்க முடியாது. ஆனா அதுக்கு வாய் இல்ல, அது சார்பாப் பேச ஊர்ல ஒரு ஆள் வேணும்னுட்டாங்க.

ஊர்க் கூட்டத்துல யாரைப் போடறதுன்னு பேச்சு வந்தப்ப ஒருத்தன் எந்திரிச்சு, “இந்த வாத்துக்காரிதான் எந்நேரமும் ஆத்தோட பேசிட்டு இருக்கா”ன்னான். நான் பேசறது வாத்தோட. அதை யார் காதுல வாங்கறாங்க. கை தட்டி முடிச்சுட்டாங்க. செத்த வாத்துக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு பதிலும் இல்ல.

இப்ப நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நீ கேஸ் போட்டது ஆத்து மேலயா, என் மேலயா? வக்கீலம்மா ஆத்து மேலங்கறாங்க. பக்கத்து வீட்டுக்காரி என் மேலங்கறா. எனக்கு ரெண்டு பக்கமும் சரியாத்தான் படுது.

உன் வீட்டு அஸ்திவாரம் பத்திரமா இருக்கு. வெள்ளத்துல ஆறு இடம் மாறுனதுல இருந்து வாத்துங்க அது வழியாத்தான் புது ஆத்துக்குப் போகுதுங்க. முழங்கால் உசரச் சுவர் இருக்கறதால காத்து அடிக்கறதில்ல, உள்ளயே முட்டை போடுதுங்க. எது ஹாலு எது படுக்கை அறைன்னு எனக்குத் தெரியல. பெரிய அறைலதான் நிறைய.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வழக்கு உன் மீது இல்லை, ஆற்றின் மீது. நோட்டீசில் தெளிவாகவே இருக்கிறது.

நீ கேட்டதால் என் குறையைச் சொல்கிறேன். அப்பா பாகம் பிரித்தபோது ஆற்றையே எல்லையாக எழுதினார். ஆற்றுக்குக் கிழக்கே உனக்கு, மேற்கே எனக்கு. அன்றைக்கு அது சுவர் மாதிரி ஒரே இடத்தில் கிடந்தது. அதை நம்பி எழுதினார். போன வெள்ளத்தில் அது பழைய தடத்தை விட்டுவிட்டு என் மனைக்கு நடுவே புதிதாக ஒரு தடம் வெட்டிக்கொண்டது; மேற்கே எனக்கு மிஞ்சியது ஒரு கட்டில் போடக்கூடப் போதாத கரை. நான் அஸ்திவாரம் போட்டுச் சுவர் எழுப்பியிருந்த துண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆனால் இப்போது அது ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. பத்திரப்படி கிழக்கே இருப்பதெல்லாம் உன்னுடையது. ஒரு செங்கல்கூட நகராமல் என் வீடு உன் வீடாகிவிட்டது. அந்த ஆற்றுக்கே நீ பாதுகாவலர்.

இதை இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, “உங்கக்கா கெட்டிக்காரங்கதான்” என்கிறார்கள். அதைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் நான் போனை எடுப்பதை நிறுத்தினேன். இருமலை மறைக்க முடியாது.

வக்கீலுக்கு எங்கே போனேன் என்று நீ நினைக்கலாம். கோர்ட்டுக் கட்டடத்தின் லிஃப்டை நான்தான் பராமரிக்கிறேன். ஒருநாள் அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். நான் கதவை நெம்பித் திறக்கும்வரை அவருக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது, என் கதையைச் சொன்னேன். வெளியே வந்ததும், “இந்தக் கேஸை நான் எடுத்துக்கறேன், மூச்சு முட்டும்போது இவ்வளவு சுவாரசியமா எதையும் கேட்டதில்ல” என்றார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதுத் தடத்தைக் கல் போட்டு அடைக்க வேண்டும். ஆறு பழைய இடத்துக்குப் போக வேண்டும். என் முட்டி தேய்ந்துவிட்டது. ஊரெல்லாம் லிஃப்ட் சரிசெய்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, என் அறை நாலாவது மாடியில். இனி இங்கே முடியாது. வந்து கட்டுவதற்கு எனக்கு இருந்தது அந்த ஒரு மனைதான்.

பெரிய அறைதான் படுக்கையறை. வாத்துகளை அங்கே விடாதே.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

இதுக்காடா இவ்வளவு? அந்தத் துண்டு எனக்கு எதுக்கு? உன் பேருக்கே எழுதிக் குடுத்துடறேன்னு கிளம்பித் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வழில பஸ்ல ஒரு அம்மா மடில தராசை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க, குலுங்கற குலுக்கல்ல ஒரு தட்டு மேல போகுது, ஒரு தட்டு கீழ போகுது, அவங்க பாட்டுக்கு வெளிய வேடிக்கை பாத்துட்டு வராங்க. அப்ப எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. திரும்பி வரும்போது சிரிப்பு வரல.

ஆபீஸ்ல அதிகாரி மரியாதையாத்தான் பேசுனாரு. பத்திரப்படி அது உங்க நிலம், நீங்க யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம், ஆனா அதுல யாரும் எதுவும் கட்ட முடியாதுன்னாரு. பழைய தடத்துக்கும் புதுத் தடத்துக்கும் நடுவுல இருக்கறதெல்லாம் ஆறு நடமாடற இடமாம். இன்னைக்கு இங்க ஓடும், நாளைக்கு அங்க ஓடும், அது அதோட உரிமையாம். அது சம்மதிச்சாத்தான் கட்டலாமாம்.

“ஆறு சம்மதிக்குதான்னு யாரைக் கேக்கறது?”ன்னேன்.

“உங்களைத்தான்.”

“அப்ப நான் சம்மதிக்கறேன்.”

“நீங்க சம்மதிச்சாப் பத்தாதும்மா, ஆறு சம்மதிக்கணும்.”

“நான்தானே ஆறு?”

“நீங்க ஆறு இல்ல. ஆத்துக்காக.”

மின்விசிறியைப் பாத்துட்டே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன். அதுவும் சுத்திட்டு இருந்துச்சு, நானும் சுத்திட்டு இருந்தேன்.

வக்கீலம்மா கிட்டப் போனேன். அவங்க சட்டுனு, “சம்மதிக்காதீங்க”ன்னாங்க. ஏன்னு கேட்டேன். பழைய ஆத்தோரத்துல யாரு இருக்கான்னாங்க. சாயப்பட்டறை. அவன் கழிவுக் குழாய் எங்க இருக்குன்னாங்க. அப்பதான் எனக்கு உறைச்சுது. ஆறு தள்ளிப் போனதுல, தீர்ப்பு வந்தும் அவன் மூடாத குழாய் காஞ்ச மணல் மேல வாயைத் திறந்துட்டு நிக்குதுடா. அதுக்கு அப்புறம்தான் தண்ணி தெளிஞ்சுது. வாத்துங்க மூக்கு மறுபடியும் மஞ்சளாயிருக்கு. இப்ப நீ சொல்ற மாதிரி கல்லைப் போட்டு ஆத்தைத் திருப்புனா, நேரா அந்தக் குழாய் வாய்லதான் கொண்டு போய் விடணும். திருப்பாம உன் வீட்டை மட்டும் கட்டச் சம்மதிச்சா, நாளைக்கு அவன் வந்து, அவனுக்குச் சம்மதிச்சியே எனக்கு மட்டும் ஏன் கிடையாதுன்னு நடுவுல குழாய் போட்டு இழுத்துட்டுப் போவான்.

வக்கீலம்மா சொல்றதும் நியாயம். உன் முட்டியும் நியாயம். நீ வரணும்னு எனக்கு இருக்கற ஆசை நியாயமா இல்லையான்னு கேக்க எந்த ஆபீசுக்குப் போறதுன்னு தெரியல.

உன் கேஸை விசாரிக்கக் கோர்ட்டு அந்த அதிகாரியைத்தான் போட்டிருக்காம், அடுத்த மாசம் இங்கயே வந்து, கரைல வச்சு விசாரணை பண்றாராம். உன் வக்கீலையும் வரச் சொல்லியிருக்காங்க.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

நீ இரண்டு பேராக எழுதுகிறாய். ஒரு பாரா எழுதிக் கொடுக்கிறேன் என்கிறது, அடுத்த பாரா முடியாது என்கிறது. எதற்கு நான் பதில் எழுதுவது?

எனக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டாம். என் இடத்தை நான் உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டால், அது உன்னுடையது என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். இவளோ, “அண்ணி குடுக்கறேன்னா வாங்கிக்கோங்களேன், எதுக்கு இந்த வீம்பு” என்கிறாள். அவளுக்கும் படியேறி அலுத்துவிட்டது.

வக்கீலிடம் ஒன்று கேட்டேன். மனிதனுக்கு உரிமை இருந்தால் கடமையும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் என் மனைக்கு நடுவே வழி போட்டால் நான் கேட்பேன், அவன் பதில் சொல்ல வேண்டும். ஆறும் ஆள்தான் என்றால் அதற்கு மட்டும் ஏன் கடமை இல்லை? வக்கீல் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். லிஃப்ட் கதவு பழுதாகும்போது இப்படித்தான் செய்யும். கடைசியில், “அது இன்னும் யாரும் கேக்காத கேள்வி” என்றார். அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை.

அந்தக் குழாயைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? குழாய் வைத்தவன் சும்மா இருக்கிறான், மனை போனவன் மட்டும் யோசிக்க வேண்டுமா?

பழைய லிஃப்ட் வரைபடங்களின் பின்பக்கத்தில் வீட்டை வரைந்து வைத்திருக்கிறேன். ஆற்றைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். நேற்று இவள் எட்டிப் பார்த்து, “இப்ப ஆறு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். ஜன்னலை அழித்துவிட்டு எதிர்ச் சுவரில் போட்டேன். பிறகு அதையும் அழித்துவிட்டேன். ஆறு திரும்பிப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறவன், அது போகாது என்று ஜன்னல் வைக்கலாமா?

விசாரணைக்கு வக்கீல் வருவார். எனக்கு விடுப்பு இல்லை.

தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

விசாரணை முடிஞ்சுது. நடந்ததை வரிசையாச் சொல்றேன், நடுவுல எங்கயாவது போயிட்டா நீயே இழுத்துக்கோ.

காலைலயே கரைல ஒரு மேசை போட்டாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து நாற்காலி வந்துச்சு. உன் வக்கீல் வந்தாரு. சின்ன உருவம், பெரிய பை, கார்ல இருந்து இறங்குனதும் கதவு திறக்குதா மூடுதான்னு ரெண்டு தடவை பாத்துக்கிட்டாரு. பாவம். நம்ம வக்கீலம்மா வேற ஊர் கோர்ட்டுல மாட்டிக்கிட்டு வர முடியல, பாத்துப் பேசுங்கன்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க.

அதிகாரி எனக்கு ரெண்டு நாற்காலி போடச் சொன்னாரு. எதுக்கு, நான் அவ்வளவு அகலமான்னு கேட்டேன். அதில்லையாம். நான் நிலத்துக்காரி, ஆத்துக்கும் நான்தான் ஆளு. ஒரே வாய்ல ரெண்டும் வந்தாக் குழம்பிடுமாம். இந்தப் பக்கத்து நாற்காலில உக்காந்தா நான் உன் அக்கா, நிலத்துக்காரி. மரத்தடி நாற்காலில உக்காந்தா நான் ஆறு. டைப் அடிக்கற பொண்ணு, நான் எதுல உக்காந்திருக்கேன்னு பாத்து அந்தப் பேர்ல அடிக்கும்.

காலைல எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ஆத்தைத் திருப்பலாமான்னு கேட்டாரு, எந்திரிச்சுப் போய் மரத்தடில உக்காந்து, கூடாதுன்னேன். தம்பி மேல ஏதாவது கோபமான்னு கேட்டாரு, எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து, இல்லன்னேன். இப்படியே போறதும் வரதுமா இருந்ததைப் பாத்து வாத்தெல்லாம் வரிசை கட்டி என் பின்னாடியே நடக்க ஆரம்பிச்சிடுச்சு. முன்னால நடக்கற வாத்துக்கு நாங்க இன்ஸ்பெக்டர்னு பேரு வச்சிருக்கோம். அது அதிகாரி முன்னாடி போய் நின்னு அவரை மேலயும் கீழயும் பாத்துச்சு. உன் வக்கீல் சிரிச்சதுல பை கீழ விழுந்துடுச்சு.

அப்புறம் உச்சி வெயில் வந்துச்சு. உன் வீட்டைப் பத்திப் பேச்சு வந்துச்சு. உனக்கு முட்டி தேஞ்சது, நாலு மாடி ஏறறதுன்னு உன் வக்கீல் நல்லாவே சொன்னாரு. எனக்கு நீ எழுதாததெல்லாம் அவர் வாய்ல கேட்டேன். படில பாதி வழில உக்காந்துட்டு ஏறுவியாமே. கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அதிகாரி, “நீங்க என்னம்மா சொல்றீங்க”ன்னு மெதுவாக் கேட்டாரு.

“அது அவன் வீடு. கட்டிக்கட்டும்”னேன்.

டைப் அடிக்கற பொண்ணு நிமிந்து பாத்துச்சு. அதிகாரி பேனாவைக் கீழ வச்சாரு. அப்பதான் நான் குனிஞ்சு பாத்தேன். வெயில் தாங்காம எப்பவோ நிழலுக்கு மாறியிருக்கேன் போல. மரத்தடி நாற்காலில உக்காந்திருக்கேன்.

ஆறே சம்மதிச்சுடுச்சுன்னு அடிச்சாச்சு. உன் வக்கீல் என் கையைப் பிடிச்சுக் குலுக்குனாரு. தப்பு பண்ணிட்டேனோன்னு ஒரு பக்கம் இருக்கு. நீ வரப்போறேன்னு இன்னொரு பக்கம் இருக்கு. இந்தப் பக்கம்தான் கனமா இருக்கு. அதனால கடுதாசியை இங்கயே நிறுத்திக்கறேன்.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வக்கீல் போனில் சொன்னபோது நம்பவில்லை. உன் கடிதத்தை இவள் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். வாத்து வந்த இடத்தில் நானும் சிரித்துவிட்டேன்.

வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அறையைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லியாயிற்று. ஒரு பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள், அங்கே லிஃப்டைக் கழற்றப் போனேன். வாசல் கதவு ஒன்று நிலையோடு அப்படியே கிடந்தது. நல்ல மரம். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். நான்கு பேர் பிடித்துத் தூக்கி வந்தோம். அறைக்குள் நுழையவில்லை. கதவு வாசலுக்குள் போகவில்லை என்று சொன்னால் சிரிப்பாய். மாடிப்படி திரும்பும் இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். மேலே போகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் வேண்டுமென்றே அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். இவள் ஒவ்வொரு தடவையும், “யாரது?” என்று கேட்கிறாள்.

நிழலுக்காக நாற்காலி மாறியதை நீ யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். நல்லது எப்படி வந்தால் என்ன. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

இதை எழுதறதா வேண்டாமான்னு தாளை மடிச்சும் பிரிச்சும் பாத்து, கடைசில எழுதறேன்.

சாயப்பட்டறை முதலாளி வீட்டுக்கு வந்தாரு. இத்தனை வருஷத்துல என் வாசல்ல செருப்பைக் கழட்டுனதே இல்ல, அன்னைக்குக் கழட்டுனாரு. கைல விசாரணைத் தாளோட நகல். “உங்க ஆத்துக்கு ரொம்பப் பெரிய மனசு”ன்னாரு. அந்த இடத்துல கட்டிடம் வந்தா தனக்கு ஆட்சேபணை இல்லைன்னு அதுவே சொல்லிடுச்சு, வீட்டுக்கு ஒரு நியாயம் குழாய்க்கு ஒரு நியாயம் சட்டத்துல கிடையாது, எல்லாரும் சமம்னு சாசனத்துலயே இருக்குன்னாரு. நமக்காக வாதாடுன அதே சாசனம்தான்டா. அது அவர் வாய்லயும் நல்லாத்தான் உக்காருது. போகும்போது உன் வீட்டுல எப்பப் பால் காய்ச்சிக் குடி வராங்கன்னு விசாரிச்சுட்டுப் போனாரு.

மறுநாளே குழாய் வந்து இறங்கிடுச்சு. உன் படுக்கை அறைச் சுவரை ஒட்டி அடுக்கி வச்சிருக்காங்க. அங்க இருந்து புது ஆத்துக்குக் கூப்பிடு தூரம்தான். வாத்துங்க அதுல ஏறி நின்னுக்கிட்டு என்னையே பாக்குதுங்க.

வக்கீலம்மா கிட்ட ஓடுனேன். திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. அதுதான் பயமா இருந்துச்சு. நான் சொன்னதை நானே மாத்த முடியாதாம். இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு சொல்ற ஆறுன்னா அப்புறம் அது பேச்சை எந்தக் கோர்ட்டும் மதிக்காதாம். எதிர்த் தரப்பு வந்து, இது தப்பாப் பதிவாயிடுச்சுன்னு சொன்னா மட்டும் அழிப்பாங்களாம். எதிர்த் தரப்பு யாருன்னு கேட்டேன். என் முகத்தைப் பாத்தாங்க.

நீதான்டா.

உன்னைச் செய்யச் சொல்லி நான் எழுதல. செய்யாதேன்னும் எழுதல. வேலையை விட்டுட்டு, கதவு வாங்கி வச்சிருக்கறவன் கிட்ட இதை எப்படிக் கேப்பேன்? ஆனா இதை மறைச்சுட்டு, வாடா வந்து கட்டுன்னு சொன்னாலும் தப்பு. இதை எந்த நாற்காலில உக்காந்து எழுதறேன்னு எனக்கே தெரியல. தரைலதான் உக்காந்திருக்கேன்.

அக்கா

செப்டம்பர் 1

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தேன். உன் மேல் இல்லை. ஆற்றின் மேலும் இல்லை. அது என்ன செய்யும். பட்டறைக்காரன் மேல் வந்திருக்க வேண்டும், ஆனால் அவன் சொல்வதைத்தானே நானும் சொன்னேன், எனக்கும் உரிமை உண்டு என்று. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கீழே இறங்கிப் போய் மறுபடி நாலு மாடி ஏறி வந்தேன். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, “வாத்துங்க மூக்கு மறுபடி மஞ்சளாயிருக்குன்னு அண்ணி எழுதுனாங்களே” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நம் வீட்டில் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது.

வக்கீலிடம் போனேன். “ஜெயிச்ச கேஸை நீங்களே எதிர்க்கப் போறீங்களா?” என்று கேட்டார். மூச்சு முட்டும்போது கேட்டதைவிட இது சுவாரசியமாக இருக்கிறதா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதித் தந்தார்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அக்கா தவறான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்.

“எங்கக்கா வெயில்ல உக்கார மாட்டா சார். அவ பேசும்போது உச்சி வெயில்.”

அவர் பதிவை எடுத்து நேரத்தைப் பார்த்தார். அன்றைக்குத் தன் கழுத்தும் வெந்துபோனதாகச் சொன்னார். பிறகு, “நீங்க என்ன செய்றீங்கன்னு தெரிஞ்சுதான் செய்றீங்களா?” என்றார். “தெரியல சார்” என்றேன். அதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று டைப் அடிக்கிற பெண்ணிடம் சொன்னார்.

சம்மதத்தை அழித்துவிட்டார்கள். குழாயை எடுக்கச் சொல்லி உத்தரவு போகிறது. ஆற்றைத் திருப்பச் சொன்ன வழக்கையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அதிகாரி, ஒரே ஆளை இரண்டு நாற்காலியில் உட்காரவைத்தது தன் தவறு, இனி ஆற்றுக்கு இன்னொரு பாதுகாவலரும் வேண்டும், ஊரில் கேட்டு எழுதச் சொல்கிறேன் என்றார்.

சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை. உன் கடிதத்தில் இருந்ததைச் செய்தேனா, இல்லாததைச் செய்தேனா என்றுகூடத் தெரியவில்லை. வேலையைத் திரும்பக் கேட்டேன், வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மாத முடிவில் அறையைக் காலி செய்ய வேண்டும். எனக்கு இப்போது வீடு இல்லை, மனை இல்லை. கதவு மட்டும் இருக்கிறது.

தம்பி

செப்டம்பர் 8

தம்பிக்கு,

தபால்காரர் உன் கடுதாசியைக் குடுத்துட்டுப் போகாம நின்னாரு. இது உங்களுக்கு வந்ததா ஆத்துக்கு வந்ததான்னு கேட்டாரு. எனக்குத்தான்னு சொல்லிட்டு உள்ள வந்து படிச்சேன். வாத்துங்களை அன்னைக்கு வெளிய விடவே மறந்துட்டேன்.

குழாயை லாரில ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஒரே ஒரு குழாயை விட்டுட்டாங்க, அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் அடைகாத்துக்கிட்டு இருக்கு. எடுக்கப் போனவனைக் கொத்திடுச்சு. இத்தனை நாள் அது ஆம்பளைன்னு நினைச்சுட்டு இருந்தோம்.

ஊர்க் கூட்டத்துல இன்னொரு பாதுகாவலர் யாருன்னு கேட்டாங்க. நான் உன் பேரைச் சொன்னேன். ஆத்து மேல கேஸ் போட்டவனையேவான்னு ஒருத்தன் கேட்டான். ஆமா, அதைப் பத்தி ராப்பகலா யோசிச்சவன் ஊர்ல வேற யாருன்னு கேட்டேன். கை தட்டிட்டாங்க. இந்த ஊர்ல எதுக்கும் தட்டுவாங்கன்னு வச்சுக்கோ. நீ மரத்தடி நாற்காலில உக்காந்துக்கோ, உனக்கும் நிழல் வேணும். நான் நிலத்துக்காரி நாற்காலிக்குப் போயிடறேன், குடை பிடிச்சுக்கறேன். நமக்குள்ள சண்டை வந்தா முறைப்படி போட்டுக்கலாம், டைப் அடிக்க ஆள் இருக்கு.

இப்பச் சொல்றதைக் கேளு. வாத்துக் கொட்டகைக்குப் பின்னாடி மேடு இருக்குல்ல, அது அப்பா எனக்குப் பிரிச்ச பழைய இடம். ஆறு நடமாடற இடத்துக்கு மேல இருக்கு, அதிகாரி கிட்டயும் கேட்டுட்டேன், கட்டலாம்னுட்டாரு. அதுல பாதி உனக்கு. இதை ஆறு குடுக்கல, பத்திரம் குடுக்கல, நான் குடுக்கறேன். உனக்கு வீம்பு இருந்தா வந்து என் மூஞ்சிக்கு நேராச் சொல்லு, கடுதாசில வேண்டாம். படி கிடையாது. ஒரு சின்ன ஏத்தம்தான், அதுல நடுவுல உக்கார ஒரு கல்லு போட்டு வச்சிருக்கேன்.

கதவைக் கொண்டு வா. எங்க நிறுத்தறதுன்னு தெரியாம நேத்து மேட்டுல போய் ரொம்ப நேரம் நின்னேன். ஆத்தைப் பாத்து வைக்கணுமா, முதுகைக் காட்டி வைக்கணுமா? பாத்து வச்சா அது என்னைக்காவது உள்ள வந்துடுமோன்னு இருக்கு. முதுகைக் காட்டுனா, வந்தா யாரு திறக்கறதுன்னு இருக்கு. எனக்குப் பிடிபடல. வந்து நீ சொல்லு.

அக்கா